லைசென்ஸ் என் பேரில், தூண்டில் அவர் கையில்!

மீன் பிடிக்கப் போகிற இடத்தில் பெண்களைத் தலை எண்ணிக்கைக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டே படியுங்கள் சகோதரிகளே.

நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் பக்கத்து பிளேனோ என்ற ஊர். பன்னிரண்டாவது படித்து முடித்தேன், கல்யாணம் ஆனது, இங்கே வந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மார்ச், ஏப்ரல் வந்தால், அதாவது நம் பங்குனி, சித்திரை நேரத்தில், குளிர் விட்டு மரமெல்லாம் பூக்கும். அப்போது சனிக்கிழமை காலையில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டு லாவன் ஏரிக்குக் கிளம்பி விடுவார்கள். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்து தங்குவதும் பெரும்பாலும் இந்த நேரம்தான். வந்த விருந்தாளியையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரே இந்த ஏரித் தண்ணீர்தான் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

எல்லோரும் தேடிப்போவது கிராப்பி என்கிற மீனை. பார்க்க நம்ம ஊர் ஜிலேபிக் கெண்டை மாதிரி தட்டையாக, வெள்ளி நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு இருக்கும். குளிர்காலம் முழுக்க ஆழத்தில் கிடக்கும். தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் முட்டை போடக் கரை ஓரமாக, நாலைந்து அடி ஆழத்துக்கே வந்துவிடும். அதனால்தான் படகு இல்லாதவர்களும் அந்த ஒன்றரை மாதம் பிடிக்க முடிகிறது. இதில் ஒரு வேடிக்கை. பெண் மீன் முட்டையைப் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். கூட்டைக் காவல் காத்து, குஞ்சு பொரிகிற வரை கிட்ட வருகிறதை விரட்டுவது ஆண் மீன்! இதை என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் 17 வயது ஆனவர்கள் தூண்டில் போட வேண்டுமானால் லைசென்ஸ் வாங்க வேண்டும். பத்து அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 25 கிராப்பிதான் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஏரிகளுக்கு இதுதான் சட்டம், நல்ல சட்டம். முட்டை போட வருகிற மீனை ஆளுக்கு ஐஸ் பெட்டி நிறைய அள்ளினால் அப்புறம் ஏரியில் என்ன மிஞ்சும்?

இந்த 25-ஐ நம்மவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் தெரியுமா? போன வருஷம் எங்களோடு வந்தது இன்னும் இரண்டு குடும்பம். ஆண்கள் மூன்று பேர், பெண்கள் எங்களோடு என் மாமியாரையும் சேர்த்து நாலு பேர், பிள்ளைகள் இரண்டு. "ஒன்பது தலை, இருபத்தஞ்சு வீதம் இருநூத்தி இருபத்தஞ்சு வரைக்கும் பிடிக்கலாம்டா!" என்று வண்டியிலேயே ஒருத்தர் கணக்குப் போட்டுவிட்டார். எனக்கும் மற்ற இரண்டு பெண்களுக்கும் லைசென்ஸ் எடுத்திருந்தார்கள், எங்கள் பேரில். ஆனால் அன்றைக்கு எங்கள் மூன்று பேர் கையிலும் இருந்தது டிபன் கேரியரும், பிள்ளைகளுக்குத் துடைக்கிற துண்டும்தான். தூண்டில் ஆறும் ஆண்கள் கையில்.

அத்தை விஷயம் இன்னும் அநியாயம். அவர் கும்பகோணம் பக்கம் வாய்க்காலோரம் வளர்ந்தவர். சின்ன வயசில் துண்டை விரித்து அயிரையும் கெண்டைப் பொடியும் அள்ளியவர். அவரை மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தாயிற்று. மகன் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம், "ஏம்மா, தக்கை பக்கவாட்டா நகருது, அவன் பாக்கலியா?" என்று என்னிடம் பதறினார். எழுந்து போய் எடுக்கப் போனவரை, "அம்மா, உனக்கு லைசென்ஸ் இல்ல, தொடாதே" என்று தடுத்துவிட்டார் மகன். தொடக்கூடாது, சரி. அப்படியானால் அத்தை தலைக்கும் ஒரு இருபத்தஞ்சு எப்படிக் கணக்கில் ஏறியது என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்த வரம்பு ஒவ்வொருவரும் தன் கையால் பிடிக்கிற மீனுக்கு. மனைவி பேருக்கு இருபத்தஞ்சு, குழந்தை பேருக்கு இருபத்தஞ்சு என்று ஒரே ஆள் பிடித்துச் சேர்ப்பதற்கு இல்லை. ஏரிக்குக் காவல் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வருவார், யார் பிடித்தது எது என்று கேட்பார். அப்போது "ஆமாம், இது நான் பிடித்தது" என்று பொய் சொல்ல வேண்டியவள் யார்? தூண்டிலே தொடாத நான்தானே! நம் ஊரில் தலைவி நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்து பஞ்சாயத்து நடத்துவதையும், மகளிர் குழுக் கடனை மனைவி பேரில் வாங்கிப் புருஷன் செலவழிப்பதையும் பார்த்திருக்கிறோம். இந்தப் பழக்கம் விமானம் ஏறி ஏரிக்கரை வரை வந்துவிட்டது.

அன்றைக்குக் கடைசியில் வந்தது தொண்ணூறு சொச்சம் மீன். வீட்டுக்கு வந்ததும் ஆண்கள் குளித்துவிட்டு சோபாவில் சாய்ந்தார்கள், பிடித்த களைப்பு. செதில் உரசி, வயிறு கீறி, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி முடிக்கும்போது ராத்திரி மணி பதினொன்று. விருந்துக்கு வந்த பெண்களும் என்னோடு கராஜில் குந்தியிருந்தார்கள். விருந்தாளி வந்து மீன் ஆய்வது எந்த ஊர் உபசாரமோ! அவ்வளவையும் சாப்பிட முடிந்ததா? பாதி ஃப்ரீசரில் கிடந்து ஆடி மாதம் குப்பைக்குப் போயிற்று.

மீனைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு மெத்தென்ற வெள்ளைச் சதை. குழம்பில் கரண்டி விட்டுக் கிளறினால் உடைந்துவிடும், கடைசியில் போட்டு ஒரு கொதியில் இறக்க வேண்டும். மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் பிள்ளைகள் தட்டைக்கூட விட்டு வைக்காது. சினையை அத்தை தனியாகச் சின்ன வெங்காயத்தோடு பிரட்டிக் கொடுத்தார், அதை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது.

"பெண்கள்தான் புழுவைத் தொட மாட்டேன்கிறார்கள்" என்று ஆண்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. கிராப்பிக்குப் புழுவே வேண்டாம். மின்னோ என்கிற பொடி மீனைக் கோக்கலாம், அதுவும் பிடிக்காவிட்டால் ஜிக் என்று கலர் குஞ்சம் கட்டிய முள் கடையில் கிடைக்கிறது. பலமும் தேவையில்லை. இந்த மீனின் வாய் காகிதம் மாதிரி மெல்லிசு, அதனால் இங்கத்திக்காரர்கள் 'காகித வாயன்' என்றே பட்டப்பேர் வைத்திருக்கிறார்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். தக்கை ஆடுவதைப் பொறுமையாகப் பார்த்து, மெள்ளத் தூக்கத் தெரிய வேண்டும். பால் பொங்கும் நேரம் பார்த்து அடுப்பை அணைக்கிறவளுக்கு இது வராதா?

"அப்புறம் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்பார்கள். ஒரு மணி நேரம் அவர் பார்க்கட்டும், ஒரு மணி நேரம் நான் பார்க்கிறேன். இதைச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு கதை.

ஊரிலிருந்து பெற்றோர் வரும் வீடுகளுக்காக ஒரு தகவல். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். நுழைவுக் கட்டணம் மட்டும்தான். மீன் அளவும் எண்ணிக்கையும் அங்கேயும் அதேதான். நான் அத்தையை அடுத்த வாரமே ரே ராபர்ட்ஸ் ஏரி மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர வண்டிப் பயணம். அத்தைக்கு அன்றைக்கு நாலு கிராப்பி விழுந்தது. ஒன்று பத்து அங்குலம் இல்லை, விடச் சொன்னேன். "புடிச்சத யாராச்சும் தண்ணில விடுவாங்களாடி?" என்று சண்டைக்கு வந்தார். சட்டம் என்றதும் விட்டார், ஆனால் வீடு வரும் வரை புலம்பல். மற்ற மூன்றும் அன்று சாயங்காலமே குழம்பாயிற்று. ஆய்ந்தது என் வீட்டுக்காரர், நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. பித்தை உடைத்துவிட்டு ஒரு மீனைக் கசப்பாக்கினார், பரவாயில்லை.

இந்தப் பங்குனிக்கும் கூட்டம் சேர்கிறது. தூண்டில் பிடித்தவர் பேரில்தான் மீன், பிடித்தவர்தான் ஆய வேண்டும், வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஆவது போக மற்றதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் என் பேரில் லைசென்ஸ் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். மூன்று வீட்டில் இரண்டு வீடு சரி என்றது. மூன்றாவது வீட்டு அம்மா, "நான் சொன்னா அவர் கேக்க மாட்டாருங்க" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது? தெரிந்த சகோதரிகள் எழுதுங்கள்.

– ஓர் இல்லத்தரசி, பிளேனோ, டெக்சாஸ்