ஆறாத புண்



சில ஆண்டுகளுக்கு முன், பெரிய வியாழனன்று பாதம் கழுவுகையில், ஒரு பெரியவர் வலக் காலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு இடக் காலை நீட்டினார். வழிபாடு முடிந்தபின் காரணம் கேட்டேன்.

"சின்ன வயசுல தீப்பட்ட தழும்பு, சாமி. நாலு வருசமா அதுல ஒரு புண்ணு. ஆறும், மறுபடி வெடிக்கும். வலி இல்லை, அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

மாமல்லபுரத்து மணலில் வெயில் காயும் வெள்ளையரை நாம் வியப்புடன் நோக்குகிறோம். ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வெண்ணிறத்தாரிடையே தோல் புற்றுநோய் பல பத்தாண்டுகளாகப் பெருகி வந்ததற்கு அவ்வெயிலே முதற்காரணம். நம் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் நமக்குக் குடை பிடிக்கிறது. ஆகவே இந்நாட்டில் காணும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டே தோலைச் சார்ந்தவை. (வெளுப்புக் களிம்புக்குக் காசைக் கரைக்கும் நம் பெண்மக்கள் இதைச் சற்றே எண்ணுவாராக!) அக்குடை இன்றிப் பிறந்து, 'வெள்ளைக்காரன்' என்று தெருவில் ஏளனம் செய்யப்படும் பிள்ளைகளுக்கோ நம் வெயில் மெய்யாகவே பகை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல.

நம்மவரிடம் இந்நோய் பெரும்பாலும் வேறு வழியாகவே நுழைகிறது. காஷ்மீர மக்கள் குளிருக்காக மேலங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கனல்சட்டியால் தோலில் புற்று வருவதை 1866-இலேயே எல்ம்ஸ்லி என்ற மிஷனரி மருத்துவர் எழுதிவைத்தார். வேட்டியை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் தழும்பேறிப் புற்றாவதை 1945-இல் பம்பாயில் டாக்டர் கானோல்கர் வெளியிட்டார். உட்பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் பெண்களுக்கும் இது வருவதுண்டு. மெல்லிய கயிற்றுக்குப் பதிலாக அகன்ற நாடாவை இட்டு, கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றினால் போதும்.

தீப்புண் தழும்போ முப்பது ஆண்டு கழித்தும் புற்றாக மாறக்கூடும். பெரியவருக்கு நேர்ந்தது அதுவே. மருத்துவமனையில் சிறிது சதையெடுத்துச் சோதித்தபின், முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே வந்திருந்தால் புண்ணை மட்டும் வெட்டியெடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். உடலுக்குள் மறைந்து வளரும் புற்றைக் காண இயலாது. கண்ணெதிரே இருந்ததை நாம் துணி சுற்றி மறைத்தோம். நாம் என்று சொல்வதற்குக் காரணமுண்டு. அத்துணியைப் பலமுறை பார்த்தும் நானும் கேட்டதில்லை.

மறு ஆண்டும் அவரையே அழைத்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடக் காலை நீட்டினார்.

மூன்று, நான்கு வாரம் கடந்தும் ஆறாத புண், தடித்து இரத்தம் கசியும் தழும்பு, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ பரவும் கரும்புள்ளி ஆகியவற்றை முள் தைத்தது என்றெண்ணி மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தனியே செல்ல அஞ்சுவோர் பூசை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன்.