டிரைவ் சாகவில்லை, எழுத்துதான் மாறியிருக்கிறது

பாட்டு கேட்டு வரும் குரல்பதிவுகளுக்கு நடுவே, "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒரு சந்தேகம்" என்று தொடங்கும் ஒன்றிரண்டு வாராவாரம் எனக்கு வந்துவிடும். மீடியா படித்தவனுக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன்?

சென்ற வாரம் எழுதியவர் கெடாவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. புது பிரிண்டரின் மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றப் போனால், பாதியில் 'எரர் 1327, இன்வேலிட் டிரைவ் ஈ' என்று நின்றுவிடுகிறதாம். கடையில் காட்டியபோது, "எக்ஸ்டர்னல் டிஸ்க் போச்சு டீச்சர், ஃபார்மேட் பண்ணணும்" என்றிருக்கிறார்கள். அந்த டிஸ்கில் இருப்பவை மறைந்த கணவர் எடுத்த படங்கள்: தோட்டத்து லயத்து வீடு, கோயில் திருவிழா, பிள்ளைகளின் முதல் பள்ளி நாள். வேறு பிரதி கிடையாது. நல்ல வேளை, அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

நான் கேட்ட முதல் கேள்வி, "டிஸ்க்கைச் செருகினால் படங்கள் திறக்கின்றனவா டீச்சர்?" திறக்கின்றன. அப்படியானால் டிஸ்க் எப்படிக் கெட்டிருக்கும்?

விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை ஒட்டுகிறது. உள்ளே இருக்கும் வன்தட்டு சி. வெளியிலிருந்து செருகுபவற்றுக்கு, காலியாக இருக்கும் அடுத்த எழுத்து. மடிக்கணினியில் இடம் போதாமல், டீச்சரின் மகன் 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' இரண்டு கோப்புறைகளையும் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அப்போது அதன் எழுத்து ஈ. பிறகொரு நாள் டிஸ்க் செருகப்படாத நேரத்தில் பேரனின் விரலி வந்து அந்த ஈ-யில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து வந்த டிஸ்குக்கு எஃப் கிடைத்தது. விரலியைக் கழற்றிய பின்னும் எஃப் எஃப்தான்.

மென்பொருளை நிறுவும் நிரலுக்கு இந்தக் கதை தெரியாது. 'டாக்குமெண்ட்ஸ் எங்கே?' என்று விண்டோஸைக் கேட்கிறது. அதுவோ பழைய முகவரியான ஈ-யைச் சொல்கிறது. போய்ப் பார்த்தால் ஈ என்று ஒன்றுமே இல்லை. வீடு மாறிப்போனவருக்குப் பழைய முகவரியில் தபால் போட்ட மாதிரிதான். அதற்காக வீட்டையே இடிக்கச் சொன்னால் எப்படி?

செய்ய வேண்டியது சின்ன வேலை. முதலில் படங்களை இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். விரலி எதுவும் செருகியிருந்தால் கழற்றிவிட்டு, 'ஸ்டார்ட்' பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' திறங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கின் மேல் வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'சேஞ்ச்', பழைய எழுத்தான ஈ. அவ்வளவுதான், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: அதே பட்டியலில் இதற்குப் பக்கத்திலேயே 'ஃபார்மேட்' என்ற வரியும் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளிக் செய்யுங்கள்.

டிஸ்க் தொலைந்தே போயிருந்தால், டாக்குமெண்ட்ஸ் கோப்புறையின் 'பிராப்பர்ட்டீஸ்' போய் 'லொக்கேஷன்' பகுதியில் 'ரிஸ்டோர் டீஃபால்ட்' கொடுத்தால் முகவரி மீண்டும் சி-க்கு வந்துவிடும். என்னைக் கேட்டால், கழற்றி மாட்டும் டிஸ்கில் இந்தக் கோப்புறைகளை வைக்கவே கூடாது. வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எஸ் போன்ற பிந்திய எழுத்தை முதலிலேயே கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். விரலிகள் அவ்வளவு தூரம் வராது.

ஃபார்மேட் தேவைப்படும் இடமும் உண்டு. 64 ஜிபி விரலியில் இடம் காலியாகக் கிடக்க, பெரிய நிறுவல் கோப்பு ஒன்றை ஏற்றினால் 'ஃபைல் டூ லார்ஜ்' என்று மறுக்கும். அந்த விரலி பழைய ஃபேட் 32 முறையில் அமைந்திருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறிவிடும்.

பசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் '2 டிபி' விரலியைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை அதில் எதையும் ஏற்றாதீர்கள் அண்ணே.