தீர்ப்புச் சொல்ல நம்மளை யாரும் கூப்பிடறதில்லை

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கின சொந்தக்காரர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீங்க. "ஜூரி டூட்டி லெட்டர் வந்திருக்கு, எப்படித் தப்பிக்கிறதுன்னு தெரியலை." கோர்ட்டில் இருந்து கடிதம் வரும். போய் உட்காரணும். தேர்வாகிவிட்டால் ஒரு வழக்கை முழுக்கக் கேட்டு, அந்த ஆள் குற்றவாளியா இல்லையா என்று மற்றவர்களோடு சேர்ந்து சொல்லணும். ஒரு நாள் வேலை கெட்டுப்போச்சே என்று அவங்களுக்குக் கடுப்பு. எனக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் பொறாமைதான் வரும்.

ஏன் பொறாமை என்று கேட்டால், பழனி மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் போட்டிருக்கிற எங்களையும் கோர்ட் கூப்பிடாமல் இல்லை. எதற்குக் கூப்பிடறாங்க? சாட்சி சொல்ல. மகஜரில் கையெழுத்துப் போட. மலை ரோட்டில் வண்டி கவிழ்ந்தால், தோட்டத்தில் யாராவது மின்வேலியில் அடிபட்டுச் செத்தால், அந்தப் பக்கம் போனவனைப் பிடித்து "இங்க ஒரு கையெழுத்துப் போடுய்யா" என்பார்கள். ரெண்டு மூணு வருஷம் கழித்து சம்மன் வரும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர் இப்படி ஒரே வழக்குக்கு மூணு தடவை மலை இறங்கினார். காலையில் முதல் பஸ், வத்தலக்குண்டில் மாறி அடுத்த பஸ், கோர்ட் வராந்தாவில் நிற்பது, "வாய்தா போட்டாச்சு, போய்ட்டு வாங்க". மிளகு பறிக்கிற நேரம் அது. சாட்சிக்குப் படி கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிய ஆளை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

ஆக, கண்ணால் பார்த்ததைச் சொல்ல நாங்கள் வேணும். பார்த்ததை வைத்து யோசித்துச் சொல்ல நாங்கள் வேண்டாம். நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் அதே கதைதான், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. நம்ம நாட்டிலும் ஜூரி இருந்தது. பெரியவர்கள் நிறையப் பேருக்கு அது சினிமாக்காரர்கள் வழக்கு மூலமாகத்தான் தெரியும். 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். சென்னை ஹைகோர்ட்டில் ஒன்பது ஜூரிகள் உட்கார்ந்து கேட்டார்கள். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூணு பேர் இல்லை என்றார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், திரும்ப ஹைகோர்ட்டுக்கே வந்து, 1947-ல் இரண்டு பேரும் விடுதலை ஆனார்கள். கிருஷ்ணன் மறுபடி நடித்துப் பெயர் எடுத்தார். பாகவதருக்குப் பழைய காலம் திரும்பி வரவே இல்லை.

இதைக் கேட்டதும் "பார்த்தியா, ஜூரி என்றால் இந்த லட்சணம்தான்" என்று தோணும். அடுத்து எல்லாரும் சொல்வது நானாவதி வழக்கு. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகிய பிரேம் அகுஜாவைச் சுட்டார். ஜூரியில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள், ஒருத்தர் மட்டும் மாறுபட்டார். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. இதைத் தழுவி 2016-ல் 'ருஸ்தம்' என்று இந்திப் படமே வந்தது. நானாவதியால்தான் ஜூரி ஒழிந்தது என்று படம் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்னாடியே, 1958-ல், சட்டக் கமிஷன் ஜூரியை எடுத்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. நானாவதி வழக்கு கடைசி ஆணி மாதிரி. பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது.

சரி, அந்த ஜூரி ஏன் அப்படி இருந்தது? இதைத்தான் யாரும் பேசறதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்பு இல்லை, லிஸ்ட். யாரை எல்லாம் கூப்பிட்டார்கள் என்கிற லிஸ்ட்.

1898-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது எழுதியிருக்கிறது. ஜூரியாக உட்காரக் கடமைப்பட்டவர்கள் யார் என்றால், 21 வயதில் இருந்து 60 வயது வரைக்கும் உள்ள ஆண்கள். பெண்கள் என்ற பேச்சே இல்லை. லிஸ்ட்டைத் தயார் பண்ணுவது செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும். தகுதி உள்ளவர் யார் என்பது அவர்கள் பார்த்துச் சொல்வது. அந்த லிஸ்ட்டில் பெயர், ஊர், தொழில் எழுதணும். ஆள் ஐரோப்பியரோ அமெரிக்கரோ என்றால் அதையும் தனியாகக் குறிக்கணும்.

அது எதற்கு? வெள்ளைக்காரர் ஒருத்தர் குற்றவாளிக் கூண்டில் நின்றால், ஜூரியில் பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்கணும் என்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. 1883-ல் இல்பர்ட் மசோதா வந்தபோது நடந்த சண்டையில், வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட்டு வாங்கின சலுகை அது. கொடைக்கானலை நினைச்சுப் பாருங்க. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டிய ஊர். ஏரியைச் சுற்றி வெள்ளைக்கார பங்களாக்கள். அந்த பங்களாவில் இருந்த துரை மேல் வழக்கு வந்தால் அவர் ஆட்களே பாதிப் பேர் உட்காரலாம். அதே மலையில் பூம்பாறையிலோ வில்பட்டியிலோ இருந்த விவசாயிக்கோ, காட்டில் தேன் எடுத்த பளியருக்கோ தன் ஊர் ஆட்களே பாதிப் பேர் உட்காரணும் என்று கேட்கும் உரிமை இல்லை.

இன்னொன்று. ஜூரி எல்லா ஜில்லாவிலும் கிடையாது. எந்த ஜில்லாவில், எந்தக் குற்றத்துக்கு ஜூரி என்று மாகாண அரசு உத்தரவு போடணும். மற்ற செஷன்ஸ் வழக்குகளுக்கு அசஸர் என்று ஆட்களைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். ஜூரிக்கும் அசஸருக்கும் என்ன வித்தியாசம்? அசஸரும் வழக்கு முழுக்கக் கேட்பார், அபிப்பிராயம் சொல்வார். நீதிபதி அதைக் கேட்டுக்கலாம், கேட்காமலும் விடலாம். வராமல் போனால் மட்டும் நூறு ரூபாய் வரைக்கும் அபராதம். அந்தக் கால நூறு ரூபாய்! கூப்பிட்டால் வந்தே ஆகணும், சொன்னால் கேட்கணும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைக்கு அதிகாரிகள் நடத்துகிற "கருத்துக் கேட்பு" கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த அசஸர் நிலைமை நன்றாகப் புரியும். 1955-ல் சட்டத்தைத் திருத்தி அசஸர் முறையை எடுத்தார்கள்.

மிச்சம் இருந்த ஜூரியும் 1973-ம் வருஷத்துப் புதுச் சட்டத்தில் போனது. அது நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரல் 1. இங்கேதான் ஒரு வேடிக்கை. இங்கிலாந்திலும் அதுவரைக்கும் சொத்து உள்ளவர்கள்தான் ஜூரி. வீடு, வரி என்று ஒரு அளவு இருந்தால்தான் கூப்பிடுவார்கள். அதை எடுத்துவிட்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று அவர்கள் மாற்றியது நடைமுறைக்கு வந்ததும் அதே 1974-ல்தான். கூலிக்காரரும் பஸ் டிரைவரும் வீட்டில் இருக்கிற அம்மாவும் ஜூரி ஆனார்கள். லிஸ்ட்டில் கோளாறு என்றதும் அவர்கள் லிஸ்ட்டை மாற்றினார்கள். நாம் ஜூரியையே எடுத்துவிட்டோம். 1950-ல் படிக்காதவனுக்கும் ஓட்டு கொடுத்த நாடு நம்ம நாடு. ஆளத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்கும் புத்தி அவனுக்கு உண்டு, திருட்டு வழக்கில் உண்மை எது என்று பார்க்கும் புத்தி இல்லை என்றால் அது என்ன கணக்கு?

புத்தி இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு உதாரணம். மிளகுத் திருட்டு வழக்கு என்று வைங்க. எந்த மாதத்தில் கொடியில் காய் பழுக்கும், ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ பறிக்க முடியும், பச்சையாகப் பறித்ததைக் காயவைத்தால் எடை எவ்வளவு குறையும் என்பதெல்லாம் எங்கள் ஊரில் பறிப்புக்குப் போகிற அக்காக்களுக்கு மனப்பாடம். "ஒரே ராத்திரியில் அம்பது கிலோ காய்ந்த மிளகு பறித்தான்" என்று ஒரு போலீஸ் ரிப்போர்ட் சொன்னால் அவங்க அங்கேயே சிரிச்சிருவாங்க. கொடியில் எங்கேய்யா காய்ந்த மிளகு?

இதற்கு எதிர்ப்பேச்சும் எனக்குத் தெரியும், அது லேசான பேச்சு இல்லை. "ஊர்க்காரன் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் சாதி பார்ப்பான்." ஆமாம், பார்ப்பான். ஊர்ப் பஞ்சாயத்து என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று மலையில் இருக்கிற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2011-ல் சுப்ரீம் கோர்ட் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று சொன்னதே ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். இலங்கையில் இன்னும் ஜூரி இருக்கிறது. தமிழ் எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006-ல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் ஜூரி முன்னால் நடந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் விடுதலை. ஜூரியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதை விட என்ன சொல்ல?

ஆனால் கட்டப்பஞ்சாயத்தில் உட்காருபவர்களைப் பாருங்க. எப்போதும் அதே ஆட்கள். அப்பா உட்கார்ந்த திண்ணையில் மகன். அவர்களை யாரும் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை. ஒழுங்கான ஜூரி அதற்கு நேர் எதிர். மாவட்டம் பூராவும் உள்ள வாக்காளர் பட்டியலில் இருந்து சீட்டு எடுத்தால், தாண்டிக்குடி வழக்கைக் கேட்க வேடசந்தூரில் இருந்து ஒருத்தர், நத்தத்தில் இருந்து ஒரு அம்மா, பழனியில் பூக்கடை வைத்திருப்பவர் என்று வருவார்கள். அவர்களுக்கு எங்கள் ஊர் வரப்புச் சண்டையும் தெரியாது, யார் யாருக்குச் சம்பந்தி என்றும் தெரியாது. சாதி மனசில் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அது நீதிபதி மனசிலும் இருக்கலாம். ஒரே மனசை நம்புவதை விடப் பல இடத்து மனசுகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடுவது மேல் என்பது என் கட்சி.

சீட்டு எடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. உத்திரமேரூர் கல்வெட்டை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். பராந்தக சோழன் காலம், 919, 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியத்துக்கு ஆள் போட்டார்கள். சமீபத்தில் பதவியில் இருந்தவருக்குத் திரும்பக் கிடையாது. கணக்குக் காட்டாதவருக்குக் கிடையாது. நல்ல விதிகள்தான். ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் போட்டார்கள்? கால் வேலிக்கு மேல் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, வேதம் படித்த ஆண்கள். குடம் நல்ல குடம். உள்ளே போட்ட ஓலைகள்தான் கொஞ்சம். ஆயிரம் வருஷம் கழித்து வெள்ளைக்காரன் போட்ட ஜூரி லிஸ்ட்டும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இருந்தது.

இந்தியாவில் ஜூரி அடியோடு போய்விட்டதா என்றால், ஒரு ஓரத்தில் இருக்கிறது. பார்சி மக்களின் விவாகரத்து வழக்குகளில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் நீதிபதியோடு உட்கார்ந்து உண்மை எது என்று சொல்ல 1936-ம் வருஷத்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக, சாதாரண ஆட்கள் உட்கார்ந்து கேட்பது இந்திய மண்ணுக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது.

நாளைக்கே கொலை வழக்குகளை ஜூரிக்குக் கொடுங்க என்று நான் கேட்கவில்லை. சின்னதாக ஆரம்பிக்கலாம். காட்டு மாடு, காட்டுப் பன்றி அழித்த பயிருக்கு எவ்வளவு நஷ்டஈடு என்பது, தண்ணீர் வாய்க்கால் முறை யாருக்கு என்பது மாதிரி விஷயங்களில், மாவட்ட வாக்காளர் பட்டியலில் சீட்டு எடுத்து ஏழு பேரை உட்கார வைத்துப் பார்க்கலாம். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வந்த நாளுக்குக் கூலி கையில் கொடுத்து அனுப்பட்டும். அவர்கள் சொன்னது பிடிக்காவிட்டால் அதிகாரி காரணம் எழுதிக் கொடுக்கணும். பழைய அசஸர் மாதிரி "கேட்டுக்கிட்டோம், போய்ட்டு வாங்க" என்று அனுப்பக் கூடாது.

அதற்கு முன்னாடி, இப்போதே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. சாட்சிக்கு வருகிறவரை மனுஷனாக நடத்துவது. வாய்தா என்றால் முந்தின நாளே போனில் சொல்லிவிடலாம், படியை அன்றைக்கே கொடுத்துவிடலாம். மூணு தடவை மலை இறங்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பின ஆளிடம் போய் "நீதியில் உனக்கும் பங்கு இருக்கு" என்று சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

அமெரிக்கச் சொந்தக்காரர் அடுத்த தடவை ஜூரி லெட்டர் வந்தது என்று புலம்பினால் தப்பிக்க வழி சொல்லாதீங்க. போய் உட்காரச் சொல்லுங்க. முடிஞ்சதும் போன் போட்டு, அந்த ரூமுக்குள்ளே என்ன நடந்தது, யார் எப்படி மனசு மாறினாங்க என்று விசாரிச்சு எனக்கும் எழுதுங்க.