தரவரிசை எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை?

திருச்சி தில்லை நகரிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் ஒரு நம்பிக்கை வேதவாக்காகவே ஆகிவிட்டது. இங்கே பி.ஏ. எகனாமிக்ஸில் ஓராண்டோ ஈராண்டோ படித்த பிள்ளை, மீதிப் படிப்பை வெளிநாட்டில் முடிக்க விண்ணப்பிக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. தரவரிசையில் எது மேலே இருக்கிறதோ அதில் சேர்த்துவிட வேண்டியதுதான், யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள். யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது? க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு 30 சதவீதம், வேலை தருவோர் கருத்துக்கு 15 சதவீதம். ஏறக்குறைய பாதி மதிப்பெண், பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே போய்விடுகிறது. ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்குக் கிடைப்பது 10 சதவீதம். அதுவும் பல்கலைக்கழகம் முழுவதற்குமான கணக்கு. உங்கள் பிள்ளை உட்காரப்போகும் எகனாமிக்ஸ் வகுப்பில் 30 பேரா, 300 பேரா என்பதை அது சொல்லாது. பாடவாரிப் பட்டியலிலும் கருத்துக்கணிப்பின் கையே ஓங்கியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நம்பிக்கையைப் பொருளியலே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டது. பெயர்பெற்ற கல்லூரியில் சேர்ந்தவர்களும், இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவே சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதல் பலன் தந்தது. ஆக, பெயருக்குப் பலனே இல்லை என்பதல்ல. நாம் கொடுக்கும் விலைக்கு அந்தப் பலன் ஈடாகுமா என்பதுதான் கேள்வி.

இடையில் மாறுகிற மாணவனுக்கு விலை இன்னும் கூடுதல். சின்னக்கடை வீதியில் நகை எடுக்கும்போது கடை எவ்வளவு பேர்பெற்றதானாலும் சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் நாம் பில் போடவிடுவதில்லை. படித்த பாடங்களுக்குக் கணக்கு வைக்கும் கிரெடிட் விஷயத்தில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். இங்கே படித்த பாடங்களில் எத்தனை அங்கே செல்லும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. செல்லாமல் போகிற பாடங்களால் ஓராண்டு கூடினால், அந்த ஆண்டின் கட்டணமும் போச்சு, அந்த ஆண்டு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் போச்சு.

பாடத்தின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. பொது எகனாமிக்ஸ் பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் 12 மாத வேலை அனுமதி. அதே துறை ‘எகனாமெட்ரிக்ஸ், குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ்’ என்ற வகைக் குறியீட்டில் பட்டம் தந்தால், இப்போதைய விதிப்படி மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பட்டியலில் கீழே இருக்கும் பல்கலைக்கழகம் இந்தப் பட்டத்தைத் தரக்கூடும். மேலே இருப்பது தராமல் போகலாம். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் பி.ஏ. சேர்ந்தவர்கள் அங்கே கால்குலஸில் மாட்டிக்கொள்வது தனிக்கதை.

கடனையும் பார்த்துவிடுவோம். 40 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 43,000 ரூபாய். தரவரிசையில் 50 இடம் முன்னே போனதற்காக எந்த வங்கியும் தவணையில் ஒரு ரூபாயைக் குறைக்காது. பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் தருகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேளுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போகிறவனுக்குப் பெயர் வேண்டாமா என்பார்கள். அவனுக்கு முதலில் வேண்டியது கணக்குப் பாடங்களும், அவனை நேரில் அறிந்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும். புது இடத்தில் இரண்டே ஆண்டு இருக்கப்போகிறவனுக்குப் பெரிய துறையைவிடச் சிறிய துறையில்தான் அந்த அறிமுகம் எளிதாக வாய்க்கும். திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்த சி. ரங்கராஜன், 1964இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1992இல் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். ஒருவர் கதை சான்றாகிவிடாதுதான். ஆனால் உள்ளூர்க் கல்லூரியின் பெயர் சான்றிதழில் இருந்தால் கதவெல்லாம் அடைபட்டுவிடும் என்ற பயத்தைத் தெளிவிக்க அது போதும்.

எனவே பெற்றோரே, முன்பணம் கட்டுவதற்குமுன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்? பட்டம் முடிய எத்தனை செமஸ்டர் ஆகும்? பட்டத்தின் வகைக் குறியீடு என்ன? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத பல்கலைக்கழகம் தரவரிசையில் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும், பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.