கேரவன் வாங்கிய பிள்ளைகளுக்கு



நம் சோழவரம் பக்கத்திலும் பிள்ளைகள் சிலர் வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் உள்ளே டிவி எத்தனை அங்குலம் என்பதைவிட, காற்று எந்த வழியாக வந்து போகிறது என்பதுதான் முக்கியம் என்பேன்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம். அதற்கு நிறமில்லை, மணமில்லை; தூங்குகிறவரை எழுப்பாது. ஆகவே ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள். அந்த வாயு வந்தால் அலறும் கருவி ஒன்றைப் படுக்கை அருகே மாட்டுங்கள்.

2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்து அடுப்பு மூட்டியதில் 9 உயிர்கள் போயின. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடேறும் முன்பே பாருங்கள்.

முதல் இரவு ஊட்டியில் வேண்டாம். வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் படுத்துப் பாருங்கள். குறையெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு நிம்மதியாகப் போய் வாருங்கள். படங்களை எனக்கும் அனுப்புங்கள்.