வயர்லெசுக்கென்று ஒரு பேட்டரி தனியாக வேண்டாமா?

போன வாரம் ஒரு பழைய மாணவர் குழித்துறையில் என் வீட்டுக்கு வந்தார். தூத்தூர் பக்கம் விசைப்படகு வைத்திருக்கிறார். மார்த்தாண்டத்தில் புதுப் பேட்டரி இரண்டு வாங்கிவிட்டு, அப்படியே என்னையும் பார்க்க வந்திருந்தார். "சாரே, லாரிக்குப் போடுற பேட்டரிதான். எல்லாத்துக்கும் இது போதும்லா?" என்றார். எல்லாவற்றுக்கும் என்றால் எஞ்சின், விளக்கு, எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ்.

போதாது என்றேன். அவர் முகம் வாடியது. அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

லாரி பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்தது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். அதற்காக உள்ளே தகடுகளை மெல்லியதாக, நெருக்கமாக வைத்திருப்பார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் அதில் விளக்கு எரித்தால் தகடு கெட்டுப்போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கருவியும் சேர்ந்து 5 ஆம்பியர் என்றால் 12 மணி நேரத்துக்கு 60 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக 120 ஆம்பியர்-மணி வேண்டும், அதுவும் தடித்த தகடுள்ள டியூபுலர் வகை வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எஞ்சினுக்காக இரண்டு பேட்டரியை இணைத்து 24 வோல்ட் ஆக்குவார்கள். பிறகு அதில் ஒன்றிலிருந்து மட்டும் வயர்லெசுக்கு 12 வோல்ட் இழுப்பார்கள். ஒன்று தேயும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். காலையில் எஞ்சின் கிளம்பாது. உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் வயர்லெசும் அதே பேட்டரியில்தான்.

2017 நவம்பர் 30. ஒக்கி. நீரோடி முதல் இரயுமன்துறை வரை எந்த ஊரிலும் அந்த நாளை யாரும் மறக்கவில்லை. "அன்றைக்குப் போன உயிர்கள் பேட்டரியாலா போயின?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. வி.எச்.எஃப். வயர்லெஸ் எட்டுவதே சில பத்துக் கடல்மைல்தான். அந்தக் குறையை அரசுதான் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் கருவிகளும் வந்தன. ஆனால் எந்தக் கருவியானாலும் மின்சாரம் இல்லாவிட்டால் வெறும் பெட்டிதானே? கருவிக்கு மானியம் பேசுகிறவர்கள் அதை ஓட்டும் பேட்டரியைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பெரிய கப்பல்களுக்கு 'சோலாஸ்' என்ற சர்வதேசப் பாதுகாப்பு விதி இருக்கிறது. வயர்லெசுக்குத் தனி அவசர மின்சாரம் வேண்டும், அது கப்பலின் எஞ்சினையோ மற்ற மின்சாரத்தையோ நம்பி இருக்கக் கூடாது என்கிறது அது. அவசர ஜெனரேட்டர் இருந்தால் 1 மணி நேரம், இல்லையென்றால் 6 மணி நேரம் தாங்க வேண்டும். அத்தனை பெரிய கப்பலுக்கே அப்படியென்றால் நம் படகுக்கு வேண்டாமா?

செலவு அதிகம் என்பார்கள். வலைக்கும் ஐசுக்கும் டீசலுக்கும் லட்சக்கணக்கில் போடுகிறோம். வயர்லெசுக்கு மட்டும் 6 மணி நேரத்துக்கு 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று தாராளம். அதை எஞ்சின் அறையில் வைக்காமல் மேலே வீல்ஹவுசில், ஆடாமல் கட்டி வையுங்கள். கடல்நீர் ஈய பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு வரும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் வரும், ஆகவே காற்றோட்டம் முக்கியம், பக்கத்தில் பீடி கூடாது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மூடி திறக்கிற பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். முனைகளைத் துடைத்து வாசலின் தடவுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. அந்த நிலையில் கடலுக்குப் போகாதீர்கள்.

மாணவர் வாங்கிய பேட்டரிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எஞ்சினுக்கு அவை சரிதான். வயர்லெசுக்கு மட்டும் ஒரு சின்னது வாங்க மறுபடியும் மார்த்தாண்டம் போனார். எனக்கு அது போதும்.