பெட்டிக்குள் போன விதை

அமிர்தியில் மிருகக்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஜூன் மாதம். பக்கத்தில் ஜவ்வாது மலைக்காரர் ஒருவர், கல்லூரி விடுதியில் சேரப் போகும் மகளுடன் நின்றார். தகரப் பெட்டி, வாளி, பாய், தட்டு, பூட்டு. விடுதியார் கொடுத்த பட்டியலில் ஒன்றும் குறையவில்லை.

"சாமை விதைக்க வச்சிருந்த பணங்க. பொட்டியாப் போச்சு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி திறக்கிற சமயமும் மலையில் விதைக்கிற சமயமும் ஒன்றே. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. நல்ல திட்டம், பழித்தால் நாக்கு அழுகிப்போகும். ஆனால், அந்தப் பணம் சேர்ந்த பிறகல்லவா வருகிறது? வாளியும் பாயும் சேருகிற அன்றே வேண்டுமே!

நம் வீட்டுப் பிள்ளை விடுதிக்குப் போகும்போது ஊறுகாய் ஜாடியை மறந்துவிட்டால் வீடே அமர்க்களப்படுகிறது. இங்கேயோ ஒரு வருஷத்து வெள்ளாமையே பணயம்! மலைச் சனங்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று மேடையில் முழங்குகிற கனவான்களே, பட்டியலை நீட்டுகிற கையாலேயே அந்தச் சாமான்களையும் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.